காதுல கொய்ங்னு சத்தம், 42,000 ரூபாய்க்கு கிண்ணச் சத்தம்

கேள்வி: வணக்கம்ங்க. எனக்கு 49 வயசு, பல்லடம் பக்கம். கல்யாணமாகி வந்ததுல இருந்து 20 வருஷம் எங்க தறிக்குடோன்ல நின்னு தறி ஓட்டுனேன், இப்ப பையன் பார்த்துக்கறான். ரெண்டு வருஷமா ரெண்டு காதுலயும் வண்டு கத்துற மாதிரி கொய்ங்னு கேட்டுட்டே இருக்கு, ராத்திரி படுத்தா இன்னும் ஜாஸ்தி. பிபி மாத்திரை சாப்பிடறேன். மக ஒரு சவுண்ட் ஹீலிங் சென்டருக்கு கூட்டிட்டு போனா. படுக்க வெச்சு சுத்தியும் கிண்ணம் தட்டுனாங்க, காங்னு ஒரு பெரிய வட்டத் தட்டை அடிச்சாங்க, முட்டியில ஒரு ட்யூனிங் ஃபோர்க் வெச்சாங்க. அன்னைக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன். 21 சிட்டிங் வந்தா காது சத்தம் போயிடும், பிபி மாத்திரையும் மெதுவா நிறுத்திடலாம்னு சொல்றாங்க, 42,000 ரூபாய். வீட்டுக்கு ஏழு கிண்ணம் செட் வேணும்னா அது தனியா 60,000. இதெல்லாம் நெசமாவே வேலை செய்யுமா, எந்தக் கருவி எதுக்கு நல்லதுன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் குறட்டை வேற தாங்க முடியல.

பதில்:

அக்கா, முதல்ல அவசரமான விஷயத்த சொல்லிடறேன், மத்தத அப்புறம் நிதானமா படிங்க. பிபி மாத்திரைய நிறுத்தாதீங்க, பாதியா உடைச்சும் சாப்பிடாதீங்க. மாத்திரைய நிறுத்தச் சொல்ற உரிமை கிண்ணம் தட்டுறவங்களுக்கு கிடையாது, எனக்கும்தான் கிடையாது. நான் ஆடியாலஜிஸ்ட், காது எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் பண்றது, மெஷின் வெச்சு விடறது, உங்கள மாதிரி உள்ளுக்குள்ள சத்தம் கேக்குறவங்கள அந்தச் சத்தத்தோட சண்டை போடாம இருக்கப் பழக்குறது, இதுதான் என் பொழப்பு. மாத்திரைய பத்தி உங்க டாக்டர் மட்டும் பேசட்டும்.

உங்க கடிதத்த படிக்கும்போது 20 வருஷம் தறி ஓட்டுனேன்ங்கற வரியிலயே நான் நின்னுட்டேன். சென்டர்ல உங்ககிட்ட அத யாராவது கேட்டாங்களா? பவர்லூம் ஓடுற ஷெட்டுக்குள்ள சத்தத்த அளக்குற மீட்டர் வெச்சா 90 டெசிபலுக்கு மேலதான் காட்டும், வரிசையா தறி இருந்தா 100ஐ தொட்டுடும், நூல சுமந்துட்டு ஓடுற அந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் அடிபடற சத்தம் அப்படி. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னா 85 டெசிபல் வரைக்கும்தான்னு அமெரிக்காவுல நியோஷ்ங்கற அமைப்பு அளவு வெச்சிருக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகணும், 88ன்னா 4 மணி நேரம், 91ன்னா 2, இப்படியே போட்டுட்டு வந்தா 100 டெசிபலுக்கு வெறும் கால் மணி நேரம். நீங்க ஷிஃப்ட் முழுக்க நின்னிருக்கீங்க, அதுவும் 20 வருஷம்.

காதுக்கு உள்ள நத்தை ஓடு மாதிரி சுருண்டு ஒரு உறுப்பு இருக்கு, அதுல ஒரு காதுக்கு சுமார் 15,000 முடி செல் இருக்கும். இரைச்சல்ல முதல்ல சாகறது கீச்சுனு இருக்குற சத்தத்த பிடிக்கிற செல்லுங்கதான், காது எவ்வளவு கேக்குதுன்னு காட்டுற ஆடியோகிராம்ங்கற கிராஃப்ல 4000 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 4000 அதிர்வு இருக்குற ஓசை கிட்ட கோடு பள்ளமா இறங்கும், தறி ஓட்டுனவங்க கிராஃப நான் பேரு பார்க்காமயே சொல்லிடுவேன். கோழிக்கு இந்த செல் செத்தா திரும்ப முளைக்கும், மனுஷனுக்கு முளைக்காது, அந்த விஷயத்துல கோழி நம்மள விட கொடுத்து வெச்சது. அந்த இடத்துல இருந்து சிக்னல் வரலன்னதும் மூளை சும்மா இருக்காம வால்யூமை ஏத்துது, ஸ்டேஷன் சரியா கிடைக்காத ரேடியோவுல வால்யூமை ஏத்துனா இரைச்சல் வருமே, உங்களுக்கு கேக்குற கொய்ங் அதுதான். இதுக்கு பேரு டின்னிடஸ். சுத்தி எல்லாம் அடங்குனதும் மூளைக்கு வேற வேலை இல்ல, அதான் ராத்திரி ஜாஸ்தியா தெரியுது.

இது நான் உங்கள பார்க்காம சொல்ற யூகம்தான், டெஸ்ட் எடுத்தாதான் உறுதி. ஆனா இந்த யூகம் சரின்னா எந்தக் கிண்ணத்த எந்த ஃப்ரீக்வென்சில தட்டுனாலும் செத்த செல் எழுந்து வராது, சத்தம் போயிடும்னு சொன்னது பொய் வாக்கு.

அப்ப அன்னைக்கு எப்படி தூங்குனேன்னு கேப்பீங்க. அது நெசம்தான், அத நான் இல்லன்னு சொல்லவே மாட்டேன். என் மேசை மேலயே ஒரு கிண்ணம் இருக்கு, நேபாளம் போன நண்பர் ஒருத்தர் பாட்டன்ங்கற ஊர்ல வாங்கிட்டு வந்து குடுத்தது. உள்ளங்கையில வெச்சு துணி சுத்துன கட்டையால விளிம்புக்கு கீழ ஒரு தட்டு தட்டுனா அடியில ஒரு கனமான ஓசை, மேல ஒரு மெல்லிசான ஓசை, ரெண்டும் சேர்ந்து வரும், கையில சுள்ளுனு ஒரு நடுக்கம் மணிக்கட்டு வரைக்கும் ஏறும். கொஞ்சம் கவனிச்சா ஓசை ஒரே சீரா இருக்காது, வோங்... வோங்... வோங்னு ஏறி இறங்கி அலை மாதிரி போகும். சுத்தியலால அடிச்சு செஞ்ச கிண்ணத்துல சுவர் எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்ல இருக்காது, அதனால கிட்டத்தட்ட ஒண்ணா ஆனா கொஞ்சூண்டு வித்தியாசமா ரெண்டு சுருதி ஒரே நேரத்துல கிளம்புது, அது ரெண்டும் மோதுறதுதான் அந்த அலை. காது அத பிடிச்சுட்டு பின்னாடியே போகும், ஓசை தேய்ஞ்சு எப்ப முடிஞ்சுச்சுன்னே தெரியாது, அதுக்குள்ள மூச்சு நீளமாயிடும். ஒரு மணி நேரம் போன் இல்லாம, அடுப்படி இல்லாம, பையன் தறி கணக்கு இல்லாம கண்ண மூடி படுத்திருக்கீங்க, கூடவே உங்க கொய்ங்க மறைக்க வெளியில ஒரு ஓசை, தூக்கம் வராம என்ன பண்ணும்?

இத ஆராய்ச்சி பண்ணியும் பார்த்திருக்காங்க. 2014ல 51 பேர வெச்சு, ரிலாக்சேஷன் பயிற்சிக்கு முன்னாடி ஒரு தடவை 12 நிமிஷம் கிண்ண ஓசை, இன்னொரு தடவை வெறும் அமைதின்னு மாத்தி மாத்தி குடுத்தாங்க, கிண்ணம் கேட்ட தடவை பிபியோட மேல் நம்பரும் நாடித்துடிப்பும் கூடுதலா இறங்குச்சு. இத காட்டித்தான் மாத்திரைய நிறுத்தலாம்னு சில பேரு கிளம்புறாங்க, ஆனா அது அந்த நேரத்துக்கு மட்டுமான இறக்கம், மாத்திரை பண்ற வேலை 24 மணி நேரத்துக்கும். 2017ல கலிஃபோர்னியாவுல 62 பேருகிட்ட பார்த்ததுல டென்ஷன், கோவம், சோர்வு எல்லாம் குறைஞ்சிருந்துச்சு, ஆனா கிண்ணம் இல்லாம சும்மா படுத்துக் கிடந்த இன்னொரு குழு அதுல இல்ல, அதனால கிண்ணத்தால குறைஞ்சுதா படுத்ததால குறைஞ்சுதான்னு பிரிச்சு சொல்ல முடியாது. மனசு தணியும்ங்கற வரைக்கும் நான் ஒத்துக்கறேன். அதுக்கு மேல போகல.

அந்த ஏழு கிண்ணம் செட்ட பத்தி ஒண்ணு. தங்கம், வெள்ளி, பாதரசம்னு ஏழு உலோகம் சேர்த்தது, ஏழு சக்கரத்துக்கு ஏழுன்னு சொல்லியிருப்பாங்க. லேப்ல சோதிச்ச கிண்ணத்துல எல்லாம் இருந்தது செம்பும் தகரமும்தான், தகரம் அஞ்சுல ஒரு பங்கு கிட்ட. அதுக்கு நம்ம ஊர்ல ஒரு பேரு இருக்கு அக்கா, வெண்கலம். உங்க கல்யாணச் சீர்ல வந்த வெண்கலப் பானையோ உருளியோ பரண் மேல கிடந்தா எடுத்து புளி போட்டு தேய்ச்சு, ஒரு துணி மடிப்பு மேல வெச்சு, தேய்ஞ்ச மத்துல துணிய சுத்தி மெதுவா ஒரு தட்டு தட்டிப் பாருங்க. கிண்ணம் அளவுக்கு சுருதி சுத்தமா இருக்காது, ஆனா இது என்ன பொருளுன்னு உங்க காதே சொல்லிடும். வெள்ளையா பீங்கான் மாதிரி கிரிஸ்டல் கிண்ணம்னு காட்டுவாங்க, அது சிலிக்கான் சிப் தொழிற்சாலைல சிலிக்கானை உருக்குறதுக்குன்னு வந்த குவார்ட்ஸ் கலயத்தோட வம்சம், ஓசை இனிமையாத்தான் இருக்கும், ஆனா கூர்மையா ஓங்கி ஒலிக்கும், உங்க காதுக்கு தள்ளி வெச்சே கேளுங்க.

காங் விஷயத்துல மட்டும் நான் கறாரா பேசுவேன். மெதுவா உருட்டுனா கடல் மாதிரி இருக்கும், ஆனா கடைசில ஒரு உச்சம் கொண்டு வர்றேன்னு வேகமா அடிக்க ஆரம்பிச்சா வெண்கலக் கடைக்குள்ள யானை புகுந்த கதைதான், கிட்ட படுத்திருக்கறவங்க காதுல அது 100 டெசிபலையும் தாண்டும். ஏற்கனவே அடிபட்ட காதுக்கு அது தேவையே இல்லாத வேலை. போன வருஷம் ஒருத்தர் என்கிட்ட வந்தார், தலைமாட்டுல காங் வெச்சு அடிச்சிருக்காங்க, மூணு நாள் காது அடைச்சு விசில் அடிச்சுட்டே இருந்திருக்கு, நல்ல வேளையா அப்புறம் சரியாச்சு. அப்படி ஒரு செஷனுக்கு மறுபடி போறதா இருந்தா காங்ல இருந்து ரொம்ப தள்ளி கால்மாட்டுல படுங்க, எனக்கு காது பிரச்சனை இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. சொன்ன பிறகும் அது ஹீலிங் ரியாக்ஷன், உள்ள இருக்குற பிளாக் உடையுதுன்னு பேசுனாங்கன்னா பாய சுருட்டிட்டு வந்துடுங்க.

முட்டியில வெச்ச ட்யூனிங் ஃபோர்க், தட்டுனா ஒரே சுருதில ஓசை குடுக்கற ரெண்டு கிளை உலோகக் கவை, என் மேசை டிராயர்லயும் இருக்கு. 1711ல ஜான் ஷோர்னு இங்கிலாந்துல டிரம்பெட் வாசிக்கற ஒருத்தர் சுருதி சேர்க்கறதுக்காக உண்டாக்குனது. நாங்க 512 ஹெர்ட்ஸ் ஃபோர்க்க தட்டி காதுக்கு பின்னாடி எலும்புல ஒரு தடவை, காது கிட்ட ஒரு தடவை வெச்சு பிரச்சனை நடுக்காதுலயா உள்காதுலயான்னு கண்டுபிடிப்போம், நெத்தி நடுவுல வெச்சு எந்தப் பக்கம் கேக்குதுன்னு கேப்போம். சுகர் டாக்டருங்க 128 ஹெர்ட்ஸ் ஃபோர்க்க கால் கட்டைவிரல்ல வெச்சு அதிர்வு தெரியுதான்னு பார்ப்பாங்க, தெரியலன்னா நரம்பு பாதிச்சிருக்குன்னு ஒரு அறிகுறி. நோயக் கண்டுபிடிக்க இது அருமையான சாமான். முட்டில வெச்சா ஒரு கூச்சம் மாதிரி சுகமா இருக்கும், தேய்ஞ்ச முட்டிய அது தேத்தாது.

ஓம் ஃபோர்க், 136.1 ஹெர்ட்ஸ், ரிஷிங்க கண்ட ஒலின்னு சொல்லி ஒண்ணு விப்பாங்க, உங்களுக்கும் அதத்தான் வெச்சிருப்பாங்கன்னு நினைக்கறேன். அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ஹான்ஸ் கஸ்டோன்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் 1978ல போட்ட கணக்கு. பூமி சூரியன சுத்த ஒரு வருஷம் ஆகுது, அத ஒரு அதிர்வுன்னு வெச்சுட்டு 32 தடவை ரெட்டிப்பாக்கிட்டே போனா 136.1 வரும், அத இந்திய சங்கீதத்து ஆதார ஷட்ஜம், அதாவது சா-ங்கற அடிப்படை சுரம்னு அவர் பொருத்திட்டார். கணக்கு சரி, ஆனா நம்ம பாட்டுக்காரங்க சுருதி தொண்டைக்கு தொண்டை மாறும், ஒரு கட்டைல பாடுறவங்களும் இருக்காங்க, அஞ்சரைல பாடுறவங்களும் இருக்காங்க, ஒரு நம்பர்ல யாரு கட்டி வெச்சா? அதவிட, ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கறது, நாழிகைல நேரம் பார்த்த ஆளுங்க செகண்ட் கணக்குல 136.1ன்னு எப்படி சொல்லியிருப்பாங்கன்னு மட்டும் யோசிங்க. 528 ஹெர்ட்ஸ் ஓசை டிஎன்ஏவ ரிப்பேர் பண்ணும்ங்கறதெல்லாம் 1990கள்ல அமெரிக்காவுல கிளம்புன பேச்சு. சுருதி 432 ஹெர்ட்ஸ்ல இருந்தாதான் நல்லது, 440 கெட்டதுன்னு போடற சண்டையும் அந்த மாதிரிதான், 440ங்கறது வாத்தியக்காரங்க எல்லாரும் ஒரே சுருதில இருக்கணும்னு 1939ல லண்டன்ல கூடிப் பேசி ஒத்துக்கிட்ட அளவு, அதுல சதியும் இல்ல சாபமும் இல்ல.

இவ்வளவு சொல்லிட்டு எந்தக் கருவியுமே வேலை செய்யாதுன்னு முடிச்சா அது அநியாயம். ஒண்ணு இருக்கு, அதுவும் உங்களுக்கு இல்ல, உங்க வீட்டுக்காரருக்கு.

டிஜரிடூன்னு ஆஸ்திரேலியா பழங்குடி மக்களோட வாத்தியம், வடக்குல ஆர்னம் லாண்ட் பக்கத்து யோல்ங்கு ஜனங்க யிடாக்கின்னு சொல்லுவாங்க. கரையான் உள்ளுக்குள்ள அரிச்சு குழலாக்குன யூகலிப்டஸ் மரத்த வெட்டி எடுத்து ஊதறது. இடையில நிறுத்தாம ஊதணும், கன்னத்துல அடைச்ச காத்த தள்ளிட்டே மூக்கால மூச்சு இழுக்கணும், நம்ம ஊர் பாம்பாட்டி மகுடி ஊதற அதே வித்தை. 2006ல சுவிட்சர்லாந்துல நடுத்தர அளவு ஸ்லீப் அப்னியாவும் (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது) குறட்டையும் இருக்குற 25 பேர எடுத்து, பாதிப் பேருக்கு இத கத்துக்குடுத்து நாலு மாசம் தினமும் வீட்டுல ஊத விட்டாங்க, சராசரியா வாரத்துக்கு ஆறு நாள் கிட்ட, நாளைக்கு 25 நிமிஷம். பகல் தூக்கம் குறைஞ்சுது, தூக்கத்துல மூச்சு அடைக்கறதும் குறைஞ்சுது, பக்கத்துல படுத்திருந்தவங்களுக்கும் நிம்மதி. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு, 2017ல சிரிப்பு நோபல்னு சொல்ற இக் நோபலும் கிடைச்சுது. இங்க கவனிக்க வேண்டியது, அவங்க யாரும் படுத்துட்டு கேக்கல, ஊதுனாங்க, தொண்டைத் தசை ஜிம்முக்கு போன மாதிரி இறுகுனதுதான் காரணம்னு ஆராய்ச்சியாளர்ங்க நினைக்கறாங்க, ஓசைய கேட்டதால இல்ல. அதுக்காக நாளைக்கே ஆன்லைன்ல டிஜரிடூ ஆர்டர் போட்டுடாதீங்க. குறட்டை நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னு ரெண்டு ராத்திரி பாருங்க, பகல்ல உக்காந்த இடத்துல தூங்கி விழறாரான்னும் பாருங்க, அப்படி இருந்தா ஸ்லீப் டெஸ்ட் எடுத்துட்டு டாக்டர் சொல்றபடி செய்யணும்.

இப்ப உங்களுக்கு வருவோம். டின்னிடஸுக்கு சத்தத்தையே மருந்தா நாங்களும் பயன்படுத்தறோம், ஆனா முறை வேற. கொய்ங்க மூழ்கடிக்கற அளவுக்கு சத்தம் வைக்கறதில்ல, அத விட கொஞ்சம் கம்மியா, ரெண்டும் சேர்ந்து கேக்கற அளவுக்கு. அப்பதான் மூளை இது முக்கியமில்லன்னு மெதுவா கழிச்சு விடும். இதுக்கு தம்புரா மாதிரி சுகமான ஓசை எனக்குத் தெரிஞ்சு குறைவு. தஞ்சாவூர்ல பலா மரத்துல குடைஞ்சு செய்யற தம்புராவுல குதிரைக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு நூல் வெச்சிருப்பாங்க பாருங்க, அந்த நூல கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்துனா தந்தி ரீங்காரம் போட ஆரம்பிக்கும், ஒத்த தந்திக்குள்ளயே பத்து சுருதி கேக்கும். வாங்க வேண்டாம், போன்ல இலவச தம்புரா ஆப் இருக்கு, குறைஞ்ச சுருதில வெச்சு கட்டில விட்டு நாலடி தள்ளி வெச்சு ஓட விடுங்க. ஹெட்போன் வேண்டாம். தம்புரா பிடிக்கலன்னா மழைச் சத்தம், அதுவும் வேண்டாம்னா டேபிள் ஃபேன். சாயங்காலம் பத்து நிமிஷம் வாய மூடிட்டு ம்ம்ம்னு வண்டு மாதிரி ஹம் பண்ணுங்க, யோகால பிராமரின்னு சொல்றது, மூச்ச வெளிய விடறது நீளமாகறதால உடம்பு அடங்கும். 2002ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்ங்க அளந்து பார்த்தப்ப சும்மா மூச்சு விடறத விட ஹம் பண்ணும்போது மூக்குல வர்ற நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு ஜாஸ்தியா இருந்துச்சு. அது காத சரி பண்ணும்னு சொல்ல வரல, நீங்களே ஒரு வாத்தியம், காசில்லாம இருக்குன்னு சொல்ல வந்தேன்.

அதுக்கும் முன்னாடி டெஸ்ட். கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை பிரிவுக்கு போய் காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, சில பேருக்கு அத எடுத்தாலே பாதி சத்தம் போயிடும், அப்புறம் ப்யூர் டோன் ஆடியோமெட்ரிங்கற காது கேக்குற டெஸ்ட். கேக்குற திறன் குறைஞ்சிருந்தா காது மெஷின் போட்டதும் நிறைய பேருக்கு கொய்ங் பின்னாடி போயிடுது, வெளிச் சத்தம் சரியா வந்ததும் மூளை வால்யூமை இறக்கிடும். சத்தத்தால வர்ற எரிச்சல், பயம், தூக்கமில்லாம போறது இதுக்கு சிபிடின்னு ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, இப்போதைக்கு நல்ல ஆதாரம் இருக்குறது அதுக்குத்தான், மாத்திரைன்னு இதுக்கு எதுவும் கிடையாது. ஒரு காதுல மட்டும் சத்தம், நாடித்துடிப்போட சேர்ந்து டுப் டுப்னு கேக்குறது, தலைசுத்து, இதுல எது வந்தாலும் தள்ளிப் போடாதீங்க, திடீர்னு ஒரு காது கேக்காம போனா அன்னைக்கே ஓடணும், நாள் தள்ளத் தள்ள மருந்து வேலை செய்யாது.

சென்டருக்கு போகலாமான்னா, மாசத்துக்கு ஒரு தடவை, ஒத்த சிட்டிங் காசு மட்டும் குடுத்து, மக கூட ஒரு அவுட்டிங் மாதிரி போயிட்டு வாங்க, நான் தடுக்க மாட்டேன், நல்லா தூங்குன ஒரு ராத்திரிக்கு ஒரு விலை உண்டுதான். 21 சிட்டிங் பேக்கேஜ் வேண்டாம், செட்டும் வேண்டாம். அந்த 42,000ல ஒரு நல்ல காது மெஷினுக்கு பெரும்பகுதி வந்துடும்.

டெஸ்டுக்கு போறப்ப பையனையும் கூட்டிட்டு போங்க. தறிக்குடோன்ல இப்ப நிக்கறது அவருதானே, காதுல பஞ்சு வெச்சிருக்கேன்னு சொல்லுவாரு, தறிச் சத்தத்துக்கு பஞ்சு போதவே போதாது. மஞ்சள் கலர்ல ஃபோம் இயர்பிளக் மெடிக்கல்லயே கிடைக்கும், விரலால உருட்டி மெலிசாக்கி, இன்னொரு கையால காத மேல இழுத்துப் பிடிச்சுட்டு உள்ள விட்டு, அது உப்பற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்திப் பிடிக்கணும். கூட நிக்கற ஆளுங்களுக்கும் ஒரு டப்பா வாங்கி வெக்கச் சொல்லுங்க.